நோயின் வேரும் மருந்தின் விலையும்

கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன் விடுமுறைக்குத் தன் ஊர் செல்லுங்கால், பெரியோர் அவனை நோக்கி வினவும் முதல் வினா, "இப்படிப்பினால் வரும் பயன் யாது?" என்பதே. சட்டம் பயில்வோனை ஒருவரும் இவ்வாறு வினவுவதில்லை. எலியின் இரத்தத்தையும் பூச்சியின் சிறகையும் கண்ணாடிச் சில்லில் இட்டு, நாள் முழுவதும் நுண்ணோக்கியின்மேற் குனிந்திருப்பவனே இவ்வினாவுக்கு அஞ்சுகின்றான். வினவுதல் தவறன்று. பிறர் உழைப்பின் பணத்தால் நடைபெறும் ஆராய்ச்சி, அவர்க்கு விடை கூறக் கடமைப்பட்டதே. ஆயினும் இன்று விதைத்ததற்கு இன்றே கனி காட்டுக என்று கேட்பதில்தான் பிழை உளது. அப்பிழையை விளக்குதற்கு, இரத்தப் புற்றுநோய் ஒன்றின் வரலாற்றினும் சிறந்த சான்று பிறிதொன்றை யான் அறியேன்.

அவ்வரலாற்றினின்று இரண்டு உண்மைகள் பெறப்படும் என்பது என் கருத்து. நோயின் வேரை அறியாமல் அதனை வெல்லும் மருந்து கிடையாது. அவ்வேரை அறிதலோ பயன் கருதாது உழைத்த பலருடைய நெடுங்காலப் பணி. இஃது ஒன்று. அங்ஙனம் பலர் கைப்பட்டு விளைந்த மருந்தை எளியோர் எட்டாத விலையில் வைத்தல் நீதியன்று. இது மற்றொன்று. முன்னதை ஒப்புவோர் பலர். பின்னதை ஒப்புவோர் சிலர். முன்னதை ஒப்புவோர் பின்னதையும் ஒப்பியே தீரவேண்டும் என்பதைக் காட்டவே இதனை எழுதலானேன்.

கிரானிக் மைலாய்டு லூக்கீமியா என்று மேனாட்டு வைத்தியர் வழங்கும் நோய், எலும்பு மஜ்ஜையிற் பிறக்கும் வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகுதலால் உண்டாவது. நோயாளி இளைப்பான், களைப்புறுவான், இடப்பக்கத்தில் மண்ணீரல் வீங்கும். 1845-ஆம் ஆண்டில் எடின்பரோவில் பென்னெட் என்பவரும் பெர்லினில் விர்ஷோ என்பவரும் இத்தகைய நோயாளரைப் பற்றித் தனித்தனியே எழுதினர். வெள்ளை இரத்தம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் இந்நோய்க்குப் பெயரிட்டவர் விர்ஷோ. பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. 1865-இல் ஜெர்மனியில் பாஷாணக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தனர். பின்னர் எக்ஸ் கதிரும், 1953 முதல் புஸல்பான் என்னும் மருந்தும், அதன்பின் இன்டர்பெரான் என்பதும் வந்தன. இவையெல்லாம் பெருகிய அணுக்களைக் குறைத்தனவேயன்றிப் பெருக்கத்தின் காரணத்தைத் தீண்டவில்லை. களையையும் பயிரையும் ஒருங்கே அரியும் அரிவாள் போன்றவை அவை. பொருந்திய உடன்பிறந்தாரின் மஜ்ஜையை மாற்றி இட்டுச் சிலர் முற்றும் பிழைத்தனர். ஆயினும் அச்சிகிச்சையே உயிர்க்கு இடரானது. ஏனையோர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் அடங்கியிருந்து, பின்னர் நோய் கொதித்தெழ மாய்ந்தனர். நூறாண்டுக்கு மேற்பட்ட முயற்சியின் நிலை இதுவாயிற்று.

இனி, வேர் கண்ட கதையைக் கூறுவாம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் பீட்டர் நோவெல் என்னும் வைத்தியர் லூக்கீமியா அணுக்களைக் கண்ணாடிச் சில்லில் வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் அச்சில்லுகளைக் குழாய்த் தண்ணீரிற் கழுவினார். தண்ணீரை உறிஞ்சி அணுக்கள் பருத்தன. உள்ளிருந்த குரோமோசோம் இழைகள் பிரிந்து தெளிவாகத் தோன்றின. அவற்றை ஆராயும் பயிற்சியுடைய டேவிட் ஹங்கர்போர்ட் என்னும் இளைஞரை நோவெல் துணைக்கொண்டார். இந்நோயாளரின் அணுக்களில் ஓர் இழை இயல்பினும் குறுகியிருப்பதை இருவரும் கண்டு 1960-இல் வெளியிட்டனர். புற்றுநோய் ஒன்றிற்கு நிலையான அடையாளம் குரோமோசோமிற் காணப்பட்டது அதுவே முதன்முறை. "பயன் யாது?" என்று அன்று எவரேனும் கேட்டிருப்பின், நோவெலிடம் விடை இராது. குறுகிய இழையொன்று உளது என்பதற்குமேல் அவர் அறிந்தது ஒன்றுமில்லை.

குறைந்த துண்டு எங்கே சென்றது என்பதை அறியப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. சிக்காகோவில் ஜேனட் ரௌலி என்னும் அம்மையார், நான்கு புதல்வர்க்குத் தாயாகிப் பல்லாண்டு பகுதி நேரமே பணிபுரிந்தவர். அவர் குரோமோசோம்களின் புகைப்படங்களைத் தம் வீட்டு உணவு மேசையின்மேற் பரப்பிக் கத்தரித்து இணை சேர்த்துப் பார்ப்பார். தாயார் காகிதப் பொம்மை வைத்து விளையாடுகின்றார் என்று பிள்ளைகள் நகைத்தனராம். அவ்விளையாட்டின் பயனாக, இருபத்திரண்டாம் குரோமோசோமின் துண்டு ஒன்பதாவதனோடும், ஒன்பதாவதன் துண்டு இருபத்திரண்டாவதனோடும் இடம் மாறியிருத்தலை அவர் கண்டு 1973-இல் வெளியிட்டார். அற்ற துண்டு அழியவில்லை. தனக்குரியதல்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டது.

அவ்வாறு ஒட்டிக்கொண்டதனால் விளைந்த கேடு யாது? இவ்வினாவுக்கு விடை வேறு திசையினின்று வந்தது. நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றும் "வளர்க", "பிரிக", "நிற்க", "மடிக" என்னும் கட்டளைகளுக்கு அடங்கி நடப்பது. கட்டளையை அணுவின் புறத்திலிருந்து அகத்திற்குக் கைமாற்றிக் கொண்டு செல்பவை கைனேஸ் என்னும் நொதிப்பொருள்கள். ஏடிபி என்னும் பொருளிலிருந்து பாஸ்பேட்டு என்னும் சிறு கூற்றைப் பறித்து மற்றொரு புரதத்தின்மேற் பதித்தலே கைனேஸின் தொழில். பதித்தவுடன் அப்புரதம் விழித்து வேலை செய்யும்; நீக்கியவுடன் உறங்கும். 1950-களின் நடுவில் சீயட்டில் நகரில் எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் இருவர் இவ்வுண்மையைக் கண்டனர். அவர்கள் ஆராய்ந்தது தசையில் மாச்சத்து எவ்வாறு கரைகின்றது என்பதையே. புற்றுநோயை அவர்கள் நினைத்தாருமல்லர். நோபெல் பரிசு அவர்களை 1992-இல்தான் தேடி வந்தது.

1979-இல் கலிபோர்னியாவிலுள்ள சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் டோனி ஹண்டர் என்பார், எலிகளிற் கட்டிகளை உண்டாக்கும் வைரஸ் ஒன்றை ஆராயுங்கால், பழைய கரைசலொன்றைப் புதிதாக்காமல் மீண்டும் பயன்படுத்தினார். அதன் புளிப்பு சிறிது மிகுந்திருந்தமையால், முன்னர் ஒன்றாய்த் தோன்றிய இரு பொருள்கள் பிரிந்து நின்றன. டைரோஸின் என்னும் அமினோ அமிலத்தின்மேற் பாஸ்பேட்டு பதிக்கும் தனியினக் கைனேஸ்கள் உள என்பது அதனால் வெளிப்பட்டது. எலி வைரஸொன்றிற் கண்டறியப்பட்ட ஏபிள் என்னும் மரபுக்கூறு இவ்வினக் கைனேஸ் ஒன்றை ஆக்குவது. மனிதனிடத்தில் அக்கூறு இருப்பது ஒன்பதாம் குரோமோசோமில். இந்நோயில் இடம் பெயர்வதும் அதுவே என்பது 1980-களில் தெளிந்தது. இடம் பெயர்ந்த ஏபிள், இருபத்திரண்டாவதிலுள்ள பிசிஆர் என்னும் கூற்றோடு கூடிப் பிசிஆர்-ஏபிள் என்னும் புதுப் புரதத்தை ஆக்குகின்றது.

ஏரியின் மதகு வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடினால் வயல் விளையும். மதகுப்பலகை திறந்த நிலையில் இறுகிவிடின், அதே நீர் பயிரை அழிக்கும். இயல்பான ஏபிள் மூடித் திறக்கும் மதகு. பிசிஆர்-ஏபிள் மூடாத மதகு. "பெருகுக" என்னும் கட்டளை ஓயாது பாய, மஜ்ஜை வெள்ளணுக்களால் நிரம்புகின்றது. இப்புரதத்தின் மரபுக்கூற்றை எலியின் மஜ்ஜையிற் புகுத்தியபோது எலிக்கும் இந்நோயை ஒத்த நோய் தோன்றியதை 1990-இல் மெய்ப்பித்தனர். நோவெலின் குறுகிய இழைக்குப் பொருள் விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின.

வேர் தெரிந்தபின் மருந்து தேடுதல் எளிதன்றோ எனின், அன்று. மனிதவுடலில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கைனேஸ்கள் உள. யாவும் ஏடிபியை ஏற்கும் குழியை ஏறக்குறைய ஒரே வடிவில் உடையன. ஒன்றனை அடைக்கும் பொருள் அனைத்தையும் அடைத்து நோயாளியையே கொல்லும் என்று அறிஞர் பலர் எண்ணினர். சுவிட்ஸர்லாந்தில் பாஸெல் நகரத்துச் சீபா-கைகி கம்பெனியில் அலெக்ஸ் மாட்டர், நிக்கலஸ் லைடன், எலிஸபெத் புக்டுங்கர், யூர்க் ஸிம்மெர்மான் ஆகியோர் அவ்வெண்ணத்தை ஏற்காது உழைத்தனர். வேறொரு கைனேஸை அடைக்கக் கண்ட சிறு மூலக்கூறு ஒன்றை எடுத்து, அதனிடத்தில் மெத்தில் என்னும் சிறு கூற்றைச் சேர்த்தனர். அது பழைய குறியை விட்டு ஏபிள் முதலியவற்றைப் பற்றலாயிற்று. நீரிற் கரையாத குறையை மற்றொரு கூறு சேர்த்து நீக்கினர். இங்ஙனம் பிறந்ததே இமாடினிப். ஏபிள் ஓய்ந்திருக்கும் வடிவத்தில் ஏடிபிக்குரிய குழியிற் புகுந்து, அதனை விழிக்க வொட்டாது நிறுத்துதல் இம்மருந்தின் இயல்பு.

ஆரெகன் மாகாணத்துப் போர்ட்லந்து நகரில் பிரையன் ட்ரூக்கர் என்னும் வைத்தியர் அப்பொருளைப் பெற்றுச் சோதித்தார். அது நோயணுக்களைக் கொன்று நல்லணுக்களைப் பெரும்பாலும் விடுத்ததை 1996-இல் லைடன் முதலியோருடன் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே சீபா-கைகியும் ஸாண்டோஸும் ஒன்றாகி நோவார்ட்டிஸ் ஆயின. இந்நோயாளர் தொகை சிறிதாகலின் இலாபம் வாராதென்று கம்பெனியில் தயக்கம் இருந்தது. ட்ரூக்கர் விடாது வற்புறுத்தினார். 1998 ஜூன் மாதத்தில் மனிதரிடத்துச் சோதனை தொடங்கிற்று. இன்டர்பெரானாற் பயன் பெறாத நோயாளருள், நாள்தோறும் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உண்டவர் 54 பேர். அவருள் 53 பேர்க்கு இரத்தம் இயல்பு நிலைக்குத் திரும்பியது. செய்தி பரவவே, 1999-இல் நோயாளரே மூவாயிரவர்க்கு மேற்பட்டோர் கையொப்பத்துடன் மருந்தை மிகுதியாகச் செய்யுமாறு கம்பெனிக்கு விண்ணப்பித்தனர். 2001 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் இசைவளித்தது. பின்வந்த பெருஞ்சோதனையில், முதலிலேயே இம்மருந்தைத் தொடங்கியவருள் பத்தாண்டின் முடிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 83 பேர் உயிருடனிருந்தனர். நாள்தோறும் ஒரு வேளை உண்ணும் மாத்திரை செய்த செயல் இஃது!

மகிழ்ச்சியால் மயங்குதல் அறிவுடைமையன்று. சிலரிடத்தில் அம்மருந்து அமரும் குழியில் ஓர் அமினோ அமிலம் மாறுதலால் மருந்து பற்றாமற் போவதைச் சார்லஸ் ஸாயர்ஸ் என்பாரும் அவர் குழுவினரும் 2001-இல் காட்டினர். அதனை வெல்ல 2006-இல் டாஸாடினிபும், யாவற்றினும் முரடான மாற்றத்திற்கு 2012-இல் பொனாடினிபும், குழியை விடுத்து வேறிடத்தில் அமரும் அஸிமினிப் 2021-இலும் இசைவு பெற்றன. ஏனைப் புற்றுநோய்களோ பெரும்பாலும் ஒரு மதகால் வருவனவல்ல. பல மதகுகள் பழுதுற்று வருவன. நுரையீரற் புற்றில் ஈஜிஎப்ஆர் என்னும் கைனேஸை அடைக்கும் முதல் மருந்துகள் வியக்கத்தக்க நலந்தந்தும், பெரும்பாலோரிடத்தில் ஓராண்டளவில் நோய் வேறு வழி கண்டுகொண்டது. ஆகவே, புற்றுநோய் அனைத்திற்கும் மாத்திரை கிடைத்துவிட்டது என்று முழங்குவோர் நோயாளர்க்கு நன்மை செய்வோராகார். ஒவ்வொரு நோயின் வேரையும் தனித்தனியே தேடுதலன்றி வேறு குறுக்கு வழி இல்லை.

நிற்க. இம்மருந்தின் விலையைச் சிறிது நோக்குவாம். அமெரிக்காவில் 2001-இல் ஓராண்டு மருந்துக்கு ஏறக்குறைய 30,000 டாலர். 2012-இல் அதுவே ஏறக்குறைய 92,000 டாலர். மருந்து மாறவில்லை, செய்யும் செலவு மும்மடங்காகவுமில்லை. இந்நோய்க்குச் சிகிச்சை செய்வதில் வல்ல வைத்தியர் நூற்றுவர்க்கு மேற்பட்டோர், விலை நெறிகடந்தது என்று 2013-இல் பிளட் என்னும் வைத்தியப் பத்திரிகையிற் கூட்டாக எழுதினர். அவருள் ட்ரூக்கரும் ஒருவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நம் நாட்டில் இவ்வழக்கு நடைபெற்ற இடம் நம் சென்னையே. இமாடினிப் மெஸிலேட்டின் ஒருவகைப் படிக வடிவத்திற்குப் பேடண்டு கோரி நோவார்ட்டிஸார் 1998-இல் சென்னைப் பேடண்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தனர். 2003-இல் தனி விற்பனையுரிமையும் பெற்றனர். அவர்தம் மருந்து மாதத்திற்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய். 2005-இல் திருத்தப்பெற்ற நம் சட்டத்தின் 3-ஆம் பிரிவு (டி) உட்பிரிவு, முன்னரே அறியப்பட்ட பொருளின் புதுவடிவம் நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டாலன்றிப் புத்தாக்கமாகாது என்கின்றது. அதனையும் பிற காரணங்களையும் கொண்டு சென்னை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தைத் தள்ளிற்று. அவ்வுட்பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்ற வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் முதல் நாளில் உச்சநீதிமன்றம் இறுதியாக மறுத்தது. புற்றுநோயாளர் உதவிச் சங்கமொன்று இவ்வழக்கில் முன்நின்று எதிர்த்தது.

கம்பெனியார் பக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. பொருளைச் செய்து, சோதித்து, ஆயிரக்கணக்கான நோயாளரிடத்தில் நலந்தீங்கு கண்டறியப் பெருந்தொகை வேண்டும். தோல்வியுறும் மருந்துகளின் செலவையும் வெற்றி பெற்றதே தாங்கவேண்டும். ஊதியமில்லாவிடின் நாளை ஸிம்மெர்மானைப் போன்றார்க்குச் சம்பளம் கொடுப்பார் யார்? இம்மருந்தை உண்ட இந்திய நோயாளருள் மிகப் பெரும்பாலோர்க்குத் தாம் இலவசமாக அளித்ததாகவும் அவர்கள் கூறினர். அக்கொடையால் உயிர் பிழைத்தோர் உளர். நன்றி கூறுதல் கடன்.

ஆயினும் மூன்று கூறுவேன். முதலாவது, முதலிட்டவர்க்கு ஊதியம் உரியதாயின், இம்மருந்திற்கு முதலிட்டவர் ஒருவரல்லர். தசையை ஆராய்ந்த பிஷர், குழாய்த் தண்ணீரிற் கழுவிய நோவெல், மேசைமேற் படங்களை அடுக்கிய ரௌலி ஆகியோர்க்கு இம்மருந்தில் ஒரு காசும் பங்கில்லை. ட்ரூக்கரின் ஆராய்ச்சிக்குப் பெரும்பகுதி பொதுப்பணமும் தருமப்பணமுமே ஆதாரமாயின. தம் உடலையே சோதனைக்கு அளித்த நோயாளரின் முதலீட்டை எக்கணக்கில் எழுதுவது? பொதுமக்கள் வித்திட்ட வயலின் விளைவுக்கு அவர்கள் தாங்கத்தக்க விலையே தகும். இரண்டாவது, புத்தாக்கத்திற்குப் பரிசளிப்பது வேறு. பழைய பொருளுக்குப் புதுச்சட்டை இட்டு உரிமைக்காலத்தை நீட்டுதல் வேறு. நம் சட்டம் தடுப்பது பின்னதையே. அதனைத் தளர்த்துமாறு வரும் வற்புறுத்தலுக்கு நம் அரசினர் இணங்கலாகாது.

மூன்றாவதே தலையாயது. இம்மருந்து ஒருமுறை உண்டு முடிப்பதன்று; ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உண்பது. நோய் முற்றும் அடங்கிய சிலர் வைத்தியர் கண்காணிப்பில் நிறுத்தலாம் என்று பிற்காலச் சோதனைகள் காட்டினும், அவ்வாறு நிறுத்தியவருள்ளும் பலர்க்கு நோய் மீளுகின்றது. விட்டு விட்டு உண்பவன் மருந்தின் பயனை இழப்பான். மாதக் கடைசியிற் பணமின்றிப் பத்து நாள் மாத்திரையை நிறுத்தும் கூலித் தொழிலாளிக்கு, விலை என்பது கடைக்காரன் விவகாரமன்று; அதுவே நோயின் ஒரு கூறு. கொடை வள்ளன்மையாகலாம், ஆயினும் கொடுப்பவன் மனம் மாறின் நிற்கும் மருந்தை நம்பி ஆயுள் முழுவதையும் ஒருவன் எங்ஙனம் கழிப்பான்? எளிய விலையோ அவனுக்கு உரிமையாய் நிற்கும். 2015-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இம்மருந்தை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. அரசாங்க மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இஃது இடையறாது கிடைக்கச் செய்தலே அப்பட்டியலுக்குப் பொருள் தருவதாகும்.

மாணவ நண்பர்களே! நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்தே சிகிச்சை செய்யவேண்டும் என்பது வள்ளுவர் நமக்கு வகுத்த நெறி. நீங்கள் ஆய்வுச்சாலையில் எழுதும் சிறு குறிப்பும் முப்பதாண்டு கழித்து ஒரு மருந்தின் வேராகலாம், ஆகாமலும் போகலாம். அதனை எண்ணித் தளராது உண்மையை உள்ளவாறு எழுதுவதே உங்கள் கடன். எரிகோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட சமாரியன், காயத்திற்கு எண்ணெய் வார்த்துக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரத்துக்குக் கொண்டு சென்று, சத்திரக்காரன் கையில் இரண்டு காசு கொடுத்து, மிகுதியாகும் செலவையும் தானே தருவதாகச் சொல்லிச் சென்றான். காயம் கட்டும் கலையை விஞ்ஞானம் நமக்குக் கற்பித்துவிட்டது. சத்திரக் கணக்கை யார் தீர்ப்பது என்பதே இன்னும் எஞ்சி நிற்கும் வினா. அதற்கு விடை கூறவேண்டியோர் கற்றோராகிய நாமே.